ஃபோர்மேன் ஃப்ரீயாத்தான் இருக்கார்

ஆங்கிலத்தில் ஃப்ரீ என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த மொழிக்காரர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன பாடுபடுகிறார்களோ, அது அவர்கள் கவலை. நம்மவர்கள் அதை வாங்கி, கழுவித் துடைத்து, பேச்சில் எங்கெல்லாம் சந்து கிடைத்ததோ அங்கெல்லாம் செருகி, கடைசியில் ஒரு மனுஷர் தலையில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். அந்த மனுஷர் பஸ் டெப்போவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை அவரை விட்டுவிட்டது, பெயர் விடவில்லை. கட்டின மனைவியே பேத்தியிடம், "எங்கடி உங்க ஃபோர்மேன்?" என்றுதான் விசாரிப்பாள்.

டெப்போவில் ஃப்ரீ என்பது மரியாதையான வார்த்தை. துரு ஏறி இறுகிப்போன நட்டு ஒன்று எண்ணெய் குடித்து, சம்மட்டி அடி வாங்கி, நாள் பூராவும் அடம்பிடித்துவிட்டு ஒரு வழியாக அசைந்தால், "ஃப்ரீ ஆயிடுச்சு சார்!" என்று ஒருவன் கத்துவான். உடனே எல்லாருக்கும் டீ வரும். சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுற்றிவிட்டு, "ஃப்ரீயா ஓடுது" என்று ஃபோர்மேன் சொன்னால் அந்த வண்டி ரோட்டுக்குப் போகலாம். கிளட்ச் பெடலுக்குக்கூடக் கொஞ்சம் ஃப்ரீ வேண்டும். காலை வைத்ததும் கொஞ்ச தூரம் சும்மா இறங்கும் அல்லவா, அதுதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் ஃபோர்மேன் சொல்லுவார்: "ஃப்ரீயே இல்லேன்னா கிளட்ச் தேஞ்சு போயிடும். ஜாஸ்தி இருந்தா கியர் விழாது. நடுவுல நிக்கணும்பா." கட்டைவிரலால் பெடலை அழுத்திப் பார்த்தே அந்த நடுவைப் பிடித்துவிடுவார்.

ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டார்கள். மேனேஜர் பேசினார். "நம்ம ஃபோர்மேன் இத்தனை வருஷம் உழைச்சு ஓடாத் தேஞ்சிட்டார். இனிமே அவர் ஃப்ரீ!" எல்லாரும் கைதட்டினார்கள். ஃபோர்மேனும் கைதட்டினார். அவருக்கு என்ன தெரியும், பாவம்!

மறுநாள் காலையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தார். தலைப்புச் செய்தியைக்கூடத் தாண்டவில்லை. மனைவி வந்து நின்றாள். அவள் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் வீட்டு ஹாலில் பிள்ளைகளை உட்காரவைத்து டியூஷன் எடுக்கிறாள். அவள் ஓய்வு பெறவில்லை, இடம் மாறினாள், அவ்வளவுதான்.

"ஏங்க, ஃப்ரீயாத்தானே இருக்கீங்க? அந்த கேஸ் அடுப்பு ஒரு பக்கம் எரியல, என்னன்னு பாருங்க."

பார்த்தார். அன்றைக்கு மூடின பேப்பர்தான். அதற்குப் பிறகு அவர் ஒரு செய்தியையும் முழுசாகப் படித்ததாகத் தகவல் இல்லை.

அந்த வீட்டில் ஃப்ரீ என்ற சொல்லை ஆளுக்கு ஒரு விதமாகப் பிடித்தார்கள். மனைவி வாக்கியத்தின் கடைசியில் 'தானே' போட்டு ஆணி அடித்துவிடுவாள். பையன் 'ஃப்ரீயா இருந்தா' என்று ஆரம்பிப்பான். இருந்தால்தானே என்று நினைத்துவிடக் கூடாது, அது உத்தரவு. மருமகள் நல்ல பெண், பாங்க் கவுண்ட்டரில் உட்கார்ந்து பொறுமையை வளர்த்தவள். அவள், "மாமா, நீங்க ஃப்ரீ ஆனதும் செஞ்சா போதும், அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் கழித்து, "ஆச்சா மாமா?" என்று கேட்பாள். அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவியது. மோட்டார் ரிப்பேரா, லிஃப்ட் நின்றுவிட்டதா, பக்கத்து வீட்டுக்குக் கூரியர் வருகிறதா, "ஃபோர்மேன் சார் சும்மா ஃப்ரீயாத்தான் இருக்கார், அவர்கிட்டச் சொல்லுங்க" என்றார்கள். அவரைக் கேட்காமலே குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். எதை வாங்கினாலும் ஒன்று ஃப்ரீயாகத் தருகிறார்களே, அந்த மாதிரி, அங்கே ஃப்ளாட் வாங்கினவர்களுக்கெல்லாம் ஒரு ஃபோர்மேன் ஃப்ரீ.

அவருக்கு மட்டும் ஃப்ரீயாக எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. பையன் ஒரு டீ-ஷர்ட் வாங்கிக் கொடுத்தான், ஃப்ரீ சைஸ். யாருக்கும் பொருந்தாததற்கு அப்படி ஒரு பெயர். இன்டர்நெட் நின்றுபோனால் டோல் ஃப்ரீ நம்பருக்குப் பேசுவது அவர் பொறுப்பு. காசு இல்லை என்பது உண்மைதான், ஆனால் அந்த லைன் என்றைக்கு ஃப்ரீயாக இருந்திருக்கிறது? காதில் போனை வைத்துக்கொண்டு, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்பதைக் கேட்டுக் கேட்டு அரைநாள் போகும். அவரிடம் அப்படிச் சொன்னது அந்தக் குரல் ஒன்றுதான் என்பதால் ஃபோர்மேன் கோபித்துக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருப்பார். எப்போதாவது வாய் திறந்து, "என்னால முடியலம்மா" என்று மனைவியிடம் சொன்னால், "ஃப்ரீயா விடுங்க. எல்லாத்தையும் மனசுல போட்டுக்காதீங்க" என்பாள். சொல்லிவிட்டு, துவைத்த துணியை மாடியில் காயப்போடச் சொல்வாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். எந்த வீட்டில் இல்லை? விஷயம் அவருடைய கண்.

இடது கண் டெப்போவிலேயே தங்கிவிட்டது. கிரைண்டரில் தெறித்த இரும்புத் துணுக்கு ஒன்று அதில் போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம் அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும்தான், ஆள் நிற்கிறார் என்று தெரியும், யார் என்று தெரியாது. மிச்சம் இருந்த வலது கண்ணை வைத்துத்தான் இத்தனை வருஷமும் ஒப்பேற்றினார். இப்போது அதிலும் ஒரு புகை. முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பல்பைத் துடைத்தார். துடைக்க வேண்டிய இடம் அதற்கும் உள்ளே என்று தெரிந்தபோது வாயை மூடிக்கொண்டார். சொன்னால் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். சாவி போனால் பேத்தியை ஸ்கூலிலிருந்து கூட்டி வரும் வேலை போய்விடும். அவருக்கு வந்து சேர்ந்த வேலைகளில் அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

அந்த வேலையில்தான் மாட்டிக்கொண்டார்.

ஸ்கூல் விட்டால் வாசலில் ஒரே நீலம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சீருடை, ஒரே ரெட்டைச் சடை, ஒரே கூச்சல். ஃபோர்மேன் முகங்களைத் தேடுவதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. பேத்திப் பாப்பாவின் முதுகுப் பையில் பெரிய வெள்ளை முயல் படம் இருக்கும், அவர் முயலைத்தான் தேடுவார். அன்றைக்கு முயல் வந்தது, ஸ்கூட்டரில் ஏறியது, கிளம்பிவிட்டார். வழி நெடுகத் தொணதொணக்கிற பாப்பா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ஸ்கூலில் டீச்சர் திட்டியிருப்பார் போலிருக்கிறது என்று நினைத்து, அவரும் பெருந்தன்மையாக ஒன்றும் கேட்கவில்லை.

கதவைத் திறந்த மனைவி பிள்ளையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி பிள்ளையைப் பார்த்தாள்.

"ஏங்க, இது யாரு?"

ஃபோர்மேனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அதே குடியிருப்பில் அடுத்த பிளாக்கில் இருக்கும் பெண், முதுகில் அதே மாதிரி முயல் பை. டியூஷன் பிள்ளைகள் அத்தனை பேரும் கணக்கை விட்டுவிட்டு எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நீ எதுக்கும்மா இவர் வண்டியில ஏறினே?" என்று டீச்சர் கேட்டாள்.

"ஃபோர்மேன் தாத்தா ஃப்ரீயாத்தானே இருப்பாரு? அம்மா அனுப்பியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றது பிள்ளை. தப்பு சொல்ல முடியுமா? அந்தக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பிள்ளை வேறு எப்படி நினைக்கும்!

அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு அவர் திரும்பப் போனபோது அதன் அம்மா ஸ்கூல் வாசலில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பாப்பா வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து, அழுது முடித்துவிட்டு விக்கிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் அதன் முகத்தைத் தன் முகத்துக்கு மிக அருகில் இழுத்து வைத்து, பாப்பாதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் வண்டியில் ஏற்றினார்.

சாயங்காலம் விசாரணை. பையன் டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். பெரிய கம்பெனியில் பெரிய வேலை. மீட்டிங் இல்லாத நேரத்தில், அடுத்த மீட்டிங் எப்போது என்று மீட்டிங் வைப்பார்கள்.

"அப்பா, உங்களுக்குக் கவனமே இல்ல. நாள் பூரா ஃப்ரீயா இருந்தா மனசு அங்க இங்க அலையும்தான். ஏதாவது வேலையில ஈடுபடுத்திக்கோங்க."

அன்று காலையிலிருந்து மோட்டார், மாடித்தொட்டி, டோல் ஃப்ரீ, துணி, கூரியர் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போயிருந்தார். அதைச் சொல்லவில்லை. "கண்ணு தெரியலப்பா" என்று மட்டும் சொன்னார். பையன் உடனே கரைந்துபோனான். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு ஆறலாம்.

ஊர் எல்லையில் ஒரு அறக்கட்டளை கண் ஆஸ்பத்திரி நடத்துகிறது. வயசானவர்களுக்கு அங்கே ஆபரேஷன் ஃப்ரீ. ஃபோர்மேன் பஸ் பிடித்துப் போய்க் காட்டினார். டாக்டர் சின்னப் பெண், பாப்பாவின் அக்கா மாதிரி இருந்தாள். லைட் அடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஐயா, புரை நல்லா முத்திடுச்சு. இதுக்கு மேல விட்டா உள்ள பிரஷர் ஏறும். அப்புறம் நாங்க ஆபரேஷன் பண்ணினாலும் பார்வை திரும்பாமப் போயிடலாம். உங்களுக்கு இன்னொரு கண்ணும் கிடையாது. தள்ளிப் போடாதீங்க."

வீட்டில் வந்து சொன்னார். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஃப்ரீ ஆஸ்பத்திரியா? எதுக்குப்பா? நான் இல்லையா? நாலு பேர் கேட்டா என்ன நெனைப்பாங்க? நல்ல பெரிய இடத்துல பண்ணுவோம். இந்த ப்ராஜெக்ட் முடியட்டும், நான் கொஞ்சம் ஃப்ரீ ஆயிடறேன், நானே கூட்டிட்டுப் போறேன்."

அப்பாவுக்குச் சும்மா செய்கிற ஆஸ்பத்திரி ஆகாதாம். அப்பா சும்மா செய்தால் மட்டும் ஆகும். இதை நான் சொல்கிறேன், ஃபோர்மேன் சொல்லவில்லை. அவருக்குப் பையன் சொன்னதில் சந்தோஷம்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம், "பையன் பெரிய இடத்துல பண்ணப் போறான்" என்று சொல்லிக்கொண்டார். ப்ராஜெக்ட் முடிந்தது. கேக் வெட்டின போட்டோவைக் காட்டினான், ஃபோர்மேனுக்குக் கேக் தெரியவில்லை. அடுத்த ப்ராஜெக்ட் ஆரம்பித்தது. அதுவும் முடியட்டும் என்றான். இதற்குள் ஃபோர்மேன் டீயை டம்ளருக்கு வெளியே ஊற்ற ஆரம்பித்திருந்தார். ஸ்கூட்டரை அவராகவே மூடிவைத்துவிட்டு, பாப்பாவை நடந்துபோய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். யார் யாரைக் கூட்டிவருகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். வாசலுக்கு வந்தால் அது முன்னால் ஓடிவந்து, "தாத்தா, நான்தான்" என்று சொல்லிவிடும்.

ஒருநாள் காலையில் எழுந்தபோது ஜன்னல் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. படுக்கையில் உட்கார்ந்து, ஃபோர்மேன் பயந்தார். சாவுக்குப் பயந்ததில்லை அந்த மனுஷர். கையைப் பிடித்து உட்காரவைத்து எழுப்புகிற வாழ்க்கைக்குப் பயந்தார். அன்றைக்கே பாப்பாவிடம் நம்பரைப் போடச் சொல்லி, ஃப்ரீ ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, அவராகத் தேதி வாங்கினார். புதன்கிழமை.

சாப்பாட்டு மேஜையில் விஷயத்தை வைத்தார். "புதன்கிழமை ஆபரேஷன். கூட ஒரு ஆள் வரணுமாம்."

"புதன்கிழமையா? பரீட்சை நேரங்க. ஞாயித்துக்கிழமை வெச்சுக்கச் சொல்லுங்களேன், நான் ஃப்ரீ" என்றாள் டீச்சர்.

"மாமா, மாசக் கடைசி. லீவு கேட்டா மேனேஜர் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்கும்" என்றாள் மருமகள்.

"ஏம்ப்பா இவ்வளவு அவசரம்... சரி, பாக்கறேன்" என்றான் பையன், போனைப் பார்த்தபடி.

அந்தப் 'பாக்கறேன்' எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. டீச்சர், பையன் போகிறான் என்று நிம்மதியானாள். பையன், எப்படியும் அம்மா போவாள் என்று நிம்மதியானான். மருமகள் இரண்டு பேரும் போவார்கள் என்று இரட்டை நிம்மதி. புதன்கிழமை காலையில் ஃபோர்மேன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்றபோது, ஹாலில் டியூஷன் நடந்துகொண்டிருந்தது. "வரும்போது பாத்ரூமுக்கு ஒரு பல்பு வாங்கிட்டு வாங்க" என்றாள் டீச்சர், கரும்பலகையைப் பார்த்தபடியே. பையன் காரில் கீழே காத்திருக்கிறான் என்று அவள் நினைப்பு. கீழே ஆட்டோதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கறாராக இருந்தாள். "கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் வரலம்மா."

"ஆள் இல்லாம ஆபரேஷன் பண்ண மாட்டோம் ஐயா. கையெழுத்துப் போடணும், முடிஞ்சதும் கூட இருக்கணும். ஃப்ரீயா இருக்கிறவங்க யாரையாவது வரச் சொல்லுங்க."

ஃப்ரீயா இருக்கிறவர்! ஃபோர்மேனுக்குத் தெரிந்து அப்படி உலகத்தில் ஒரே ஆள்தான், அவர் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தார். போனை எடுத்தார். டீச்சர் போன் அணைந்திருந்தது, டியூஷன் நேரத்தில் ஒழுங்கு முக்கியம். பையன் போனை வெட்டினான், 'மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்' என்று செய்தி வந்தது. அதைப் பக்கத்தில் இருந்தவர் படித்துச் சொன்னார். மருமகள் எடுத்தாள். "என்ன மாமா, அத்தை வரலையா? இவர் வரேன்னாரே! ஐயையோ... கவுண்ட்டர்ல கூட்டம் மாமா, ஃப்ரீ ஆனதும் இவர்கிட்ட நான் கேக்கறேன்." நர்ஸ் பேரை அடிக்கப் பேனாவை எடுத்துவிட்டாள். அடித்தால் அடுத்த தேதி எப்போதோ! அந்தக் கண் அதுவரை காத்திருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை.

"அண்ணே, உங்களுக்கும் ஆள் இல்லையா?"

பக்கத்து நாற்காலியிலிருந்து கணீரென்று ஒரு குரல். ஏதோ ஹாஸ்டலில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிற அம்மாவாம், அவருக்கும் ஒரு கண்ணில் புரை. மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னையும் ஆளோட வான்னுதான் துரத்துறாங்க. எனக்கு வர்றதுக்கு யாரும் இல்ல அண்ணே. இருந்தாத்தானே வராம இருக்க முடியும்?"

ஃபோர்மேன் வாயைத் திறந்தார். மனைவி டீச்சர், பையன் பெரிய கம்பெனியில், மருமகள் பாங்கில் என்று அடுக்கினால் எவ்வளவு கௌரவம்! ஆனால் அடுத்த கேள்வி என்ன வரும்? அப்புறம் ஏன் ஒருத்தரும் வரவில்லை என்று வரும். பையனை ஒரு முன்பின் தெரியாத அம்மா முன்னால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அதனால், இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார்.

"அப்ப விடுங்க. எனக்கு நீங்க இருங்க, உங்களுக்கு நான் இருக்கேன்" என்று அந்த அம்மா எழுந்து, நர்ஸிடம் போனார். "எழுதிக்கோம்மா. இவர் எனக்கு அண்ணன்."

"காலையிலேர்ந்து தனித்தனியா உக்காந்திருந்தீங்க. இப்ப அண்ணன் தங்கச்சியா?"

"பேச்சுவார்த்தை இல்லாம இருந்தோம்மா. இப்பத்தான் ராசியானோம்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு கறாராக இருக்க முடியுமா? இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

முதலில் அந்த அம்மா உள்ளே போனார். ஃபோர்மேன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு காவல் இருந்தார். போன் அடித்தது. குடியிருப்பில் மேல் வீட்டுக்காரர். "ஃபோர்மேன் சார், ஃப்ரீயா? லிஃப்ட்ல ஏதோ சத்தம் வருது."

"இல்ல சார். ஆஸ்பத்திரியில ஒருத்தருக்குத் துணையா இருக்கேன். தங்கச்சிக்கு ஆபரேஷன்."

"அடடா, பாத்துக்கோங்க. முடிஞ்சு ஃப்ரீ ஆனதும் வந்துடுங்க."

அந்த அம்மா ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்தார். ஃபோர்மேன் பையையும், தன் போனையும் அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மேஜையில் படுக்கவைத்து, முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் வழி விட்டார்கள். பயத்தில் உடம்பெல்லாம் இறுகிக் கிடந்தது. அந்தச் சின்ன டாக்டர் குனிந்து, "ஐயா, ஒண்ணும் ஆகாது. ஃப்ரீயா விடுங்க. இறுக்காம ஃப்ரீயா இருங்க" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு அவள் எந்த வேலையும் வைக்கவில்லை. ஃபோர்மேன் சொன்னபடி கேட்டார்.

வெளியே கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். வலது கண்ணில் தடிமனாகக் கட்டு. இடது கண்ணில் வழக்கம்போல வெளிச்சமும் நிழலும். "நல்லபடியா முடிஞ்சுதாம் அண்ணே, பார்வை வந்துடுமாம். டாக்டரம்மாவே சொல்லிட்டுப் போனாங்க" என்றது கணீர்க் குரல். அந்த நேரம் பார்த்து, அந்த அம்மாவின் மடியில் இருந்த போன் அடித்தது. எதையோ அழுத்தப் போய் ஸ்பீக்கர் திறந்துகொண்டது.

"அப்பா, ஃப்ரீயா? பாப்பாவுக்கு இன்னிக்கு ஹாஃப் டேயாம். போய்க் கூட்டிட்டு வந்துடுறீங்களா?"

"யாருப்பா நீ?" என்றார் அந்த அம்மா.

"நீங்க யாரு? இது எங்க அப்பா நம்பராச்சே."

"உங்கப்பாவா? அவருக்கு இப்பத்தான் கண் ஆபரேஷன் முடிஞ்சு, கட்டுப் போட்டு உக்கார வெச்சிருக்கு. நான் துணைக்கு இருக்கேன்."

"ஆபரேஷனா... இன்னிக்கா? அம்மா... அம்மா அங்க இல்லையா?"

"அம்மாவும் இருக்காங்களா? அடக் கடவுளே! யாருமே இல்லாத மனுஷன்னு நெனச்சுல்லப்பா நான் கையெழுத்துப் போட்டேன்!"

ஹாலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். ஃபோர்மேன், "அப்படியெல்லாம் இல்லம்மா, அவன் பிஸி..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தை முடிக்க அவருக்கு இஷ்டம் இல்லை. போன் துண்டானது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். மாசக் கடைசியில் மருமகளுக்குப் பாங்கில் லீவு கிடைத்தது, பாப்பாவைக் கூட்டிவர அவளே போனாள். டீச்சர் பரீட்சைப் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ ஏறினாள். பையன் ஆபீஸிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அரைமணி நேரத்தில் வந்துவிட்டான். அவ்வளவு கிட்டத்தில்தான் இருந்ததாம் ஆபீஸ்!

ஃபோர்மேனுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் எதிரில் வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு உருவம் வந்து நின்றது. மூச்சு வாங்கியது. பேசவில்லை. ஆஸ்பத்திரி ஆளாக இருக்கும் என்று அவர் நினைத்தார். நிற்கிறவரை நிற்கவைத்துப் பழக்கமில்லாத மனுஷர், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்க சார். நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?"

கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. தெரியாமல்தான் கேட்டார். உருவம் அப்படியே அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தது. "உங்களைத்தான்ப்பா" என்றது.

"நீயா? மீட்டிங் முடிஞ்சுதாப்பா?" என்றார் ஃபோர்மேன்.

அவர் கையைத் தேடிப் பிடித்து, பையன் அதில் முகத்தை வைத்துக்கொண்டான். கை நனைந்தது. ஃபோர்மேன் நனைந்த கையைக் கண்பக்கம் கொண்டுபோகப் பார்த்தார்.

ஹாஸ்டல் அம்மா சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"தம்பி, அழுறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி அழுங்க. அவர் கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."